கல்யாணச் செண்டுக்கு ஆன்லைனில் பூ வாங்கப் போகிறீர்களா? 6,800 ரூபாய் போன கதையைக் கேளுங்கள்

தங்கச்சி கல்யாணம் முடிந்து வாடகைப் பாத்திரம்கூட இன்னும் திரும்பிப் போகவில்லை. அதற்குள் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆறப்போட்டால் "சரி, போகட்டும்" என்று வீட்டில் எல்லாரும் என் வாயை அடைத்துவிடுவார்கள். போனது 6,800 ரூபாய். செண்டு கட்டுகிறவர்களுக்கு உதவும் குறிப்புகளையும் கடைசியில் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் சர்ச் கல்யாணம் என்றால் பெண் கையில் செண்டு இல்லாமல் உள்ளே நடக்க முடியாது. கடையில் கட்டிக் கொடுப்பதில் ஸ்பாஞ்சும் நெட்டும்தான் அதிகம். நானே கட்டுகிறேன் என்று சொல்லி, ஓசூர் ரோஜாவை மொத்த விலைக்கு நேரே அனுப்புவதாகப் படம் படமாகப் போடும் ஒரு ஆன்லைன் பக்கத்தில் கேட்டேன். பெயர் வேண்டாம். இந்த மாதிரி பக்கம் நிறைய இருக்கிறது.

அந்த ஆள் பேசியதைச் சொல்ல வேண்டும். விலையை எடுத்ததும் சொல்லவில்லை. "சேலை சுத்த வெள்ளையாக்கா, சந்தன வெள்ளையா? சுத்த வெள்ளைக்குப் பக்கத்துல ஐவரி ரோஜா வச்சா பூ அழுக்காத் தெரியும்" என்றான். தண்டு 50 சென்டிமீட்டரா 60ஆ என்று கேட்டான். பெண்ணின் உயரத்தைக் கேட்டான். தொழில் தெரிந்தவன் அல்லவா இப்படியெல்லாம் கேட்பான்! அப்புறம் ஒரு வீடியோ வந்தது. அட்டைப் பெட்டிக்குள் மொட்டு மொட்டாக வெள்ளை ரோஜா, மேலே என் பெயர் எழுதிய துண்டுச் சீட்டு. அதைப் பார்த்ததும் முழுப் பணத்தையும் போட்டுவிட்டேன். பெண்ணுக்கும் தோழிகளுக்கும் சேர்த்து ரோஜாக் கட்டுகள், இடையில் சொருகும் பொடி வெள்ளைப் பூவான ஜிப்சோ, யூகலிப்டஸ் இலை, செண்டு கட்டும் டேப், சாட்டின் ரிப்பன், ஊசி, பஸ் பார்சல் எல்லாம் உட்பட 6,800.

பெட்டி வண்ணார்பேட்டைக்கு வந்து சேர்ந்ததே கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம். வீட்டில் திறந்தால் ரோஜா பாதிக்கு மேல் கழுத்து தொங்கிக் கிடக்கிறது. மீதிப் பூவைக் கவிழ்த்துப் பார்த்தேன். காம்போடு சேரும் இடத்தில், பச்சை இதழுக்கு மேலே, வட்டமாக வெறும் தழும்பு. பழுத்த வெளி இதழ்களைப் பிய்த்து எறிந்துவிட்டு உள்ளே இருப்பதை மொட்டு மாதிரி காட்டியிருக்கிறான். தண்டு ஒரு சாணும் கொஞ்சமும்தான். டேப் என்று வைத்திருந்தது எலக்ட்ரீசியன் சுற்றும் பச்சை இன்சுலேஷன் டேப். செண்டு டேப் மெழுகு பூசிய காகிதம், இழுத்தால்தான் ஒட்டும். அது தெரியாதவனா அவன்? ரிப்பன், பிறந்தநாள் பரிசில் சுருட்டி விடுவார்களே, அந்தப் பிளாஸ்டிக்.

போன் போட்டேன். முதலில், "பஸ் சூடு அக்கா, தண்ணியில போடுங்க, நிமிர்ந்துரும்." தண்டை மறுபடி சாய்வாக வெட்டி வாளித் தண்ணீரில் விட்டேன், நாலைந்துதான் நிமிர்ந்தது. போட்டோ அனுப்பினேன். "தெளிவா இல்லையே." மறுபடி அனுப்பினேன். "பெட்டி பிரிக்கிற வீடியோ இருக்கா? அது இல்லாம ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க." எந்த ஆபீஸ்? அதுவரை "நான்தான் ஓனர்" என்றவன்! அப்புறம் வேறொரு பெண் குரல், "சார் மீட்டிங்ல இருக்காங்க." பூக்காரனுக்கு என்ன மீட்டிங்கோ. ராத்திரி நீல டிக் மட்டும் வந்தது. காலையில் அவன் முகப்புப் படமே காணோம். 6,800 ரூபாய்க்கு ஒரு "சாரி" கூட இல்லை.

செண்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விடியுமுன்னே மதினி திருநெல்வேலி சந்திப்பு பூ மார்க்கெட்டுக்குப் போய் நீளத் தண்டோடு சம்பங்கியும் வெள்ளைச் செவந்தியும் மருக்கொழுந்தும் வாங்கி வந்தாள். கீழ் இலைகளை உருவிவிட்டு, ஒவ்வொரு தண்டையும் ஒரே பக்கமாகச் சாய்த்து வைத்துக் கையிலேயே திருப்பித் திருப்பிச் சேர்த்தேன். அப்படிச் சேர்த்தால்தான் தலை குடை மாதிரி விரியும், தண்டு நெருக்காது. பிடிக்கிற இடத்தில் ஈர வாழைநாரால் இறுக்கி, மேலே என் பழைய பட்டுச் சேலைக் கரையைச் சுற்றி, ஊசியைத் தண்டோடு மேல்நோக்கிச் சாய்த்துக் குத்தினேன். நேரே குத்தினால் பெண் கையில்தான் ஏறும். நிமிர்ந்த நாலைந்து ரோஜாவை நடுவில் சொருகினேன். அவன் பூ பிரசங்கம் முடிவதற்குள் இதழ் உதிர்த்துவிட்டது. சம்பங்கி சாயங்காலம் வரவேற்பு வரை நின்றது.

குறிப்புகள் எழுதுகிறேன் என்றேன். மறுவீட்டுக்கு வண்டி வந்து நிற்கிறது, அவசரமாகச் சொல்கிறேன். முழுப் பணம் முன்னால் கொடுக்காதீர்கள். பதிவு செய்த வீடியோவை நம்பாதீர்கள். வீடியோ காலில் பூவைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். பார்சல் ஆபீஸிலேயே படம் பிடித்துக்கொண்டு பெட்டியைப் பிரியுங்கள். ரோஜாவின் அடிப்பக்கத்தை விரலால் லேசாக அமுக்குங்கள். கெட்டியாக இருந்தால் புதுசு, மெத்தென்று இருந்தால் பழசு. பணம் போட்டபின் ஆளே காணாமல் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. பொருள் மோசமென்றால் நுகர்வோர் உதவி எண் 1915. நான் 1915-இல் பதிவு செய்துவிட்டேன். 6,800 வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.