காரிடார் அறையா, தனி ஸ்டூடியோவா?

ஸ்வீடனின் உப்சாலாவில் படிக்கப் போகிறவரின் முதல் கேள்வி இதுதான். அங்குள்ள ஃப்ளோக்ஸ்டா என்ற மாணவர் குடியிருப்பு அடுக்குமாடிகளின் காரிடார் அறையில் குளியலறை சொந்தம்; சமையலறை ஏறக்குறைய 12 பேருக்குப் பொது. பெயர் எழுதி வைத்தாலும் குளிர்பெட்டியில் பால் குறையும். பாத்திரம் கழுவாதவரிடம் யாரும் நேரில் சண்டைக்குப் போவதில்லை. கோபம் ஒரு சீட்டாகச் சுவரில் ஒட்டப்படும். ஆனாலும் ஸ்வீடிஷ் காதில் விழுவது அந்தச் சாப்பாட்டு மேசையில்தான். இரவு 10 மணிக்கு ஜன்னலைத் திறந்து கத்தும் ‘ஃப்ளோக்ஸ்டா அலறல்’ வேறெங்கே கிடைக்கும்?

ஸ்டூடியோ என்பது சமையலறையும் உள்ளேயே அடங்கிய தனி வீடு; அங்கே மீன் பொரித்தாலும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். வாடகை கூடுதல். டிசம்பரில் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறையும்போது அந்த அமைதியே பாரமாகிவிடும். முதல் ஆண்டுக்குக் காரிடார்தான் என் தேர்வு.

துணி துவைக்க, இரண்டிலுமே பெரும்பாலும் பொதுச் சலவை அறையில் நேரம் பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும்.