18,600 ரூபாய் போச்சு: மலையேறுத ஹெல்மெட்னு சொல்லி கட்டட ஹெல்மெட்டைத் தலையில கட்டிட்டாங்க

18,600 ரூபாய். ஆறு ஹெல்மெட், ஒண்ணு 3,100 வீதம். ஆறும் இப்ப மூலையில கெடக்கு. சூடு ஆறுறதுக்குள்ள எழுதிருதேன். இல்லன்னா ‘போவுது சவம்’னு விட்டுருவோம், அடுத்தவன் போயி மாட்டுவான்.

கடை பேரு போடல. திருநெல்வேலியில சேஃப்டி சாமான் விக்கிற கடைன்னு மட்டும் வச்சுக்கோங்க. கையுறை, கம்பூட்ஸ், மின்னுற சட்டை, தீயணைக்கிற சிலிண்டர் எல்லாம் வாசல்லயே தொங்கும். இப்ப புதுசா ‘மலையேற்றப் பொருட்களும் கிடைக்கும்’னு போர்டுல ஒரு வரி சேத்திருக்காங்க. அந்த ஒரு வரிதான் 18,600 ரூபாயை முழுங்குச்சு. நல்ல ஹெல்மெட் எப்படிப் பாத்து எடுக்கணும்னு கடைசியில எழுதுதேன், முதல்ல நடந்ததைக் கேளுங்க.

என்ன வேணும்னு கடைக்கு வாட்ஸ்அப்புல தெளிவா எழுதி அனுப்பியாச்சு. ஈ.என். 12492 (மலையேறுத ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரம்) இல்லன்னா யு.ஐ.ஏ.ஏ. 106 (சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்போட தரம்) முத்திரை உள்ளது. ஏ.பி.எஸ்.-ங்கிற கெட்டிப் பிளாஸ்டிக் ஓடு, உள்ள இ.பி.எஸ். நுரை, அதாவது தெர்மாகோல் மாதிரி. தலைச்சுற்று 53-லேர்ந்து 61 செ.மீ. வரைக்கும் பின்னாடி திருகிக் கூட்டிக் குறைக்கணும். நெத்தி டார்ச் மாட்ட நாலு கொக்கி. அந்தப் பக்கத்துலேர்ந்து கட்டை விரல் வந்த பொறவுதான் கடைக்கே போனது.

கடையில மேசை மேல ஒரு சாம்பிள் இருந்துச்சு, ஆரஞ்சு நிறம். சாம்பிள் அசல்தான், அதுல சந்தேகமே இல்ல. முதலாளியே அதைக் கவுத்துப் பிடிச்சு, செல்போன் டார்ச் அடிச்சு, உள்ள ஓட்டோட சேத்து வார்த்திருந்த எழுத்தை விரல் வச்சுக் காட்டுனாரு: ஈ.என். 12492. நுரையை அமுக்கிக் காட்டுனாரு. தாடை வாரு ரெண்டு காதுக்கும் கீழ ஒழுங்கா சேருதான்னு போட்டுப் பாக்கவும் சொன்னாரு.

“அண்ணாச்சி, ஆறும் இதேதான் வருமா?”

“தம்பி, கண்ணால பாத்துட்டீங்கள்லா? இதே மால்தான். சீல் உடைக்காம பெட்டியோட தாரேன். என் மவனும் உங்களை மாதிரி மலை மலைன்னு அலையுதவந்தான், அவன் தலைக்கு ஒண்ணு, ஊரான் தலைக்கு ஒண்ணுன்னு நான் விப்பனா?”

ஏமாத்துறவன் சாதாரணமா முத்திரையை மறைப்பான். இவரு அதை டார்ச் அடிச்சுக் காட்டுதாரு. டீயும் வந்துட்டு. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொன்னாரு, வெளியூர்லேர்ந்து வரவழைக்கணுமாம். 18,600 ரூபாய் ஜிபே-யில போச்சு. கையெழுத்துல ஒரு துண்டுச் சீட்டு வந்துச்சு.

பெட்டி வந்துச்சு, சீலும் இருந்துச்சு. அதே ஆரஞ்சு, கிட்டத்தட்ட அதே வடிவம். உள்ள திருப்பினா, சாம்பிள்ல வார்ப்பு எழுத்து இருந்த எடத்துல வெள்ளியில ஒரு ஸ்டிக்கர், அதுல பளபளன்னு ஈ.என். 12492. ஓரத்துல நகத்தை விட்டா, பசை காயாம நூலா இழுபட்டு வருது. ஸ்டிக்கர் வந்ததும் அடியில ஓட்டுல வார்த்த எழுத்து தெரிஞ்சுச்சு: ஈ.என். 397. பக்கத்துல சின்னக் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம். சுத்தி 1-லேர்ந்து 12 வரைக்கும் மாசம், நடுவுல வருஷத்தோட கடைசி ரெண்டு எண், மாசத்தைக் காட்ட ஒரு அம்பு. நடுவுல 14. அதாவது 2014-ல வார்த்த ஓடு. பிளாஸ்டிக் ஹெல்மெட்டுக்குத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் போடுற கெடு, செஞ்ச நாள்லேர்ந்து 10 வருஷம். பொட்டி பிரிக்கும்போதே ஆயுசு முடிஞ்ச சாமான். நுரை கெடையவே கெடையாது. தலையைத் தாங்குற பட்டைத் தொட்டில் ஒண்ணும், நெத்திக்கிட்ட வேர்வைத் துணியும்தான்.

‘எல்லாம் ஹெல்மெட்தானே’ம்பாங்க. இல்லவே இல்ல.

397-ங்கிறது தொழிற்சாலை, கட்டட வேலைக்கான ஐரோப்பியத் தரம். அதுல 5 கிலோ எடையை உச்சியில 1 மீட்டர் உயரத்துலேர்ந்து போட்டுப் பாப்பாங்க. 12492-ல அதே 5 கிலோவை 2 மீட்டர்லேர்ந்து போடுவாங்க, ரெட்டை அடி. இது எவ்வளவுன்னா, அரைக் கிலோ கல்லு 20 மீட்டர் மேலேர்ந்து வந்து விழுற அடிக்குச் சமம். அதோட நிக்காது. முன்னாடி, பக்கவாட்டு, பின்னாடி மூணு பக்கமும் 5 கிலோவை அரை மீட்டர்லேர்ந்து போடணும். 3 கிலோ கூம்பை 1 மீட்டர்லேர்ந்து போட்டு முனை தலையைத் தொடாம இருக்கான்னும் பாக்கணும். யு.ஐ.ஏ.ஏ. இன்னும் கறாரு: ஈ.என். 12492-ல உச்சி அடி தலைக்கு 10 கிலோ நியூட்டன் (விசையோட அளவு) வரைக்கும் இறங்கலாம், யு.ஐ.ஏ.ஏ.-வுல 8-தான். இந்த ஓடு வார்த்த காலத்து 397-ல பக்கவாட்டு அடிச் சோதனை கட்டாயமே இல்ல. கட்டட வேலையில நின்னுக்கிட்டு இருக்கவன் உச்சியில செங்கல் விழும், சரி. பாறையில ஏறுதவன் விழும்போது கயிறு காலுக்குப் பின்னாடி இருந்தா தலைகீழாப் பொரண்டு பின்மண்டைதான் இடிக்கும். ஊசலாடிப் போனா பக்கவாட்டுல இடிக்கும். அங்க காப்பாத்துறது நுரைதான். அந்த நுரையே இதுல இல்ல.

அதைவிடக் கொடுமை தாடை வாரு. அந்த 397 விதிப்படி வாரு 150 நியூட்டனுக்குக் (சுமார் 15 கிலோ இழுப்பு) கீழ கழலக் கூடாது, 250-க்குள்ள (சுமார் 25 கிலோ) கழன்டே ஆகணும். கம்பியிலயோ மெஷின்லயோ ஹெல்மெட் மாட்டிக்கிட்டா கழுத்தை நெரிச்சுறக் கூடாதுல்லா, அதுக்காக. 12492-ல நேர் எதிர்: 500 நியூட்டன் இழுத்தாலும் அறக் கூடாது, 25 மில்லி மீட்டருக்கு மேல நீளவும் கூடாது. விழுந்து உருளுற நேரம் தலையில இருந்தாத்தான அது ஹெல்மெட்! லக்கேஜ் நிறுக்கிற கொக்கித் தராசை இந்த வாருல மாட்டி இழுத்தா ஒண்ணு 18 கிலோவுல டப்புன்னு கழன்டுட்டு, இன்னொண்ணு 21. அதோட வேலையை அது ஒழுங்காத்தான் செய்யுது. வித்தவன்தான் வேலையை மாத்திச் சொல்லிட்டான்.

நம்ம ஊர்ல இது சும்மா ஏட்டுக் கணக்கு இல்ல. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அங்க அனுமதி இல்லாம கால் வைக்க முடியாது. பழகுறது எல்லாம் ஊரோரப் பொத்தையிலதான், அதாவது சின்னப் பாறைக் குன்றுல. வெயில்ல காஞ்சு காஞ்சு அந்தப் பாறை ஏடு விட்டு நிக்கும், கை வச்சு இழுத்தா அப்பளமாப் பேந்து வரும். மேல ஆடு மேயும், கொரங்கு ஓடும், சில நேரம் நம்ம கயிறே உரசி ஒரு கல்லைத் தள்ளி விட்டுரும். கீழ கயிறு பிடிச்சு நிக்கிறவன் தலைக்குத்தான் முதல் அடி.

திருப்பிக் கொடுக்கப் போனா கதையே வேற. போனை எடுத்த பையன், “மொதலாளி தூத்துக்குடி போயிருக்காவ.” அடுத்த தடவையும் தூத்துக்குடி. ஸ்டிக்கரை உரிச்ச போட்டோ அனுப்புனா நீல டிக் விழுது, பதிலைக் காணோம். நேர்ல பிடிச்சா, “கம்பெனியில கேட்டுச் சொல்லுதேன் தம்பி.” எந்தக் கம்பெனின்னு கேட்டா, “அதெல்லாம் மொத்த வியாபாரிக்குத்தான் தெரியும்.” பொறவு, “ஸ்டிக்கரை நீங்க உரிச்சுட்டீங்க, இனி எடுக்க முடியாது.” ஸ்டிக்கரை உரிக்காம அடியில இருக்கிற 397 எப்படிவே தெரியும்? அடுத்து, “கயித்துல தொங்கிப் பெயின்ட் அடிக்கவனே இதைத்தான போடுதான்.” போடுதான், உண்மைதான். அவனுக்கும் கழலாத வாருதான் வேணும். ரெண்டு தரத்துக்கும் ஒத்து வர்ற ஹெல்மெட்டும் இருக்கு, வாரோட பிடிமானத்தை வேலைக்குத் தக்கன மாத்திக்கிடலாம். அது இது இல்ல.

கடைசியா ஒரு வித்தை காட்டுனாரு பாருங்க. ஒரு ஹெல்மெட்டைத் தரையில கவுத்து வச்சு, செருப்போட மேல ஏறி நின்னுட்டாரு. “எங்க, உடையுதா?” கடையில நின்னவங்க எல்லாம் தலையை ஆட்டுதாங்க. மெதுவா ஏறி நிக்கிறது ஒரு சோதனையே இல்ல. ஓடு எவ்வளவு முரடுங்கிறது மட்டும்தான் அதுல தெரியும். கல்லு வந்து அடிக்கிற அந்த நொடியில அடியை வாங்கி மெதுவா இறக்குதாங்கிறதுதான் கேள்வி. நுரை நசுங்கி, ஓடு கீறினா அது நல்லா வேலை பாத்துருக்குன்னு அர்த்தம். அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கணும். ஒண்ணுமே ஆகாத முரட்டு ஓடு மொத்த அடியையும் கழுத்துக்கு அனுப்பிரும். இதைச் சொன்னா, “நீங்க ரொம்பப் படிச்சவங்க”ன்னு ஒரு சிரிப்பு. “வேணும்னா மேஸ்திரி யாருக்காவது வித்துருங்க, போற வெலைக்குப் போவட்டும்”னு உபதேசம் வேற. ஆயுசு முடிஞ்ச ஹெல்மெட்டை மேஸ்திரி தலையில கட்டணுமாம்! கட்டட ஹெல்மெட் சில நூறு ரூபாய்க்கே கெடைக்கும். அதைத்தான் 3,100 வச்சு ஆறு, 18,600.

சீட்டுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? ‘சேஃப்டி ஹெல்மெட் – 6’. அவ்வளவுதான். தரம் இல்ல, மாடல் இல்ல, ஜி.எஸ்.டி. எண் இல்ல. அடியில மட்டும் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ன்னு ரப்பர் ஸ்டாம்பு. அந்த ஸ்டாம்பைக் கண்டு பயப்படாதீங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லுல கெடு போடலன்னா 30 நாளுக்குள்ள குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுக்கிறது முறையற்ற வணிகம். முதல்ல 1915-க்குப் போன் பண்ணிப் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கெடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுறணும். வாட்ஸ்அப்புல அனுப்புன விவரமும் அந்தக் கட்டை விரலும் இருக்கு, விட மாட்டோம்.

எப்படிப் பாத்து வாங்கணும்னு எழுதுதேன்னு சொன்னேன்லா, இப்ப நேரம் இல்ல, அவசரத்துக்கு இதைப் பிடிங்க. முத்திரை ஓட்டுல வார்த்திருக்கணும், இல்லன்னா உள்ள அழியாம அச்சடிச்சிருக்கணும்; மேல ஒட்டுன ஸ்டிக்கர் இருந்தா கடையிலயே உரிச்சுக் காட்டச் சொல்லுங்க. மாட்டேன்னா கெளம்பிருங்க. மாச வட்டத்தைப் பாருங்க. வாரைப் போடாம பின்னாடி இருக்கிற திருகை மட்டும் இறுக்கிக்கிட்டுக் குனிஞ்சு தலையை ஆட்டுங்க, விழக் கூடாது. புருவத்துக்கு மேல ரெண்டு விரல் அகலத்துக்குள்ள நிக்கணும், பின்னாடி தள்ளிப் போடுறது சும்மா. பைக் ஹெல்மெட்டும் வேண்டாம், காதை அடைச்சுரும், கீழேர்ந்து கத்துறது கேக்காது. சைக்கிள் ஹெல்மெட்டுல மேலேர்ந்து விழுற கல்லுக்குச் சோதனையே கெடையாது. பெயின்ட், தின்னர் கிட்ட வைக்காதீங்க, வெயில்ல நிக்கிற கார்ல போட்டு வைக்காதீங்க.

சாம்பிளைக் காட்டுனா அதையே போட்டோ எடுத்து, அதே மாடல் பேரையும் தரத்தையும் பில்லுல எழுத வைங்க. முழுப் பணம் முன்னாடி கட்டாதீங்க. பெட்டியை அவங்க முன்னாடியே பிரிங்க, ஒண்ணு விடாம ஆறையும்.

மிச்சம் பொறவு எழுதுதேன். ஆணையத்துக்கு அந்த 18,600 ரூபாய்ச் சீட்டையும் ஸ்டிக்கர் போட்டோவையும் ஜெராக்ஸ் எடுக்கணும், கடை அடைச்சுருவான்.