வீட்டு வைஃபை நெரிசல்: முன்னுரிமை விதியா, எஸ்கியூஎம்மா?

ஒருவர் வீடியோ காலில் இருக்கும்போது இன்னொருவரின் போன் படங்களை கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கினால், கால் திக்கித் திணறும். ரவுட்டரில் கியூஓஎஸ் விதி, அதாவது எந்தத் தரவு முதலில் போகலாம் என்று சொல்லும் விதி, போட்டால் சரியாகும்தான். எந்த வகை விதி என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

சிக்கல் எங்கே என்று முதலில் பார்த்துவிடலாம். அப்லோடு வேகம் 5 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். மோடத்தின் பஃபரில் (தரவு வரிசையில் காத்திருக்கும் இடம்) 1 எம்பி தரவு தேங்கினால், அது காலியாக 1.6 நொடி ஆகும். அதன் கடைசியில் சேரும் குரல் பாக்கெட்டுக்கும் (சிறு தரவுத் துண்டு) அதே 1.6 நொடி தாமதம். வேகம் குறையவில்லை, காத்திருப்புதான் கூடியிருக்கிறது. இதைத்தான் பஃபர்ப்ளோட் என்கிறார்கள்.

முன்னுரிமை விதி பழைய வழி. லேப்டாப்பின் மேக் முகவரியையோ (சாதனத்தின் அடையாள எண்) போர்ட் எண்ணையோ (எந்த வகைச் சேவை என்று காட்டும் எண்) கொடுத்து 'உயர்' என்று குறித்துவிடுவது. மேசையில் நிற்கும் ஒற்றை ஐபி போனுக்கு இது போதும். மற்றபடி யூடியூப், பேக்கப், பிரவுசர் எல்லாமே 443 போர்ட்டில் போகும்போது எதை வைத்துப் பிரிப்பது? அதைவிட முக்கியம், வேக வரம்பு போடாவிட்டால் வரிசை உருவாவது மோடத்தில். ரவுட்டரின் விதிக்கு அங்கே அதிகாரமே இல்லை.

எஸ்கியூஎம், அதாவது ஸ்மார்ட் கியூ மேனேஜ்மென்ட், இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. லைன் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக வரம்பு வைத்து, வரிசையை ரவுட்டருக்கே இழுத்துவருகிறது. வரிசையைக் கவனிப்பது அதன் உள்ளே இருக்கும் ஒரு வழிமுறை. 2012-இல் வந்த கோடெல் அப்படி ஒன்று, பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று அளக்கும். காத்திருப்பு 5 மில்லிநொடிக்குக் கீழே இறங்காமல் நீடித்தால் பாக்கெட்டுகளைக் கைவிடத் தொடங்கும். அனுப்புபவர் வேகத்தைத் தணிப்பார். 2018-இல் லினக்ஸ் 4.19-இல் சேர்ந்த கேக் என்ற இன்னொரு வழிமுறை, இதோடு ஒவ்வொரு சாதனத்துக்கும் சம பங்கு பிரித்துக் கொடுக்கவும் செய்யும். ஆப் ஆப்பாக விதி எழுதும் வேலையே இல்லை. என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் இதற்கு சிபியு பலம் வேண்டும். ஹார்டுவேர் ஆஃப்லோடை (சிபியுவைத் தொடாமல் பாக்கெட்டைக் கடத்தும் வசதி) அணைக்க வேண்டியிருப்பதால், கிகாபிட் லைனில் மலிவு ரவுட்டர் மூச்சு வாங்கும். நிமிடத்துக்கு நிமிடம் வேகம் மாறும் 4ஜி, 5ஜி இணைப்பிலும் ஒரே வரம்பு சரிப்படாது.

ரவுட்டர் அமைப்பில் தெரியும் டபிள்யூஎம்எம், வைஃபைக்குள்ளேயே இருக்கும் முன்னுரிமை வசதி. அது இந்தப் போட்டியிலேயே இல்லை. குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி என நான்கு வகுப்பாகப் பிரித்து, வைஃபை அலையில் யார் முதலில் அனுப்புவது என்பதை அது பார்த்துக்கொள்கிறது. அதை அணைத்தால் 802.11என் (வைஃபை 4) சாதனங்களே 54 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அப்படியே விட்டுவிடுங்கள்.

ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான திறந்த மூல மென்பொருள்) ஓடும் ரவுட்டர் என்றால் லூசி-ஆப்-எஸ்கியூஎம் என்ற தொகுப்பை நிறுவி, இணையம் வரும் பக்கமான 'வான்' இடைமுகத்தில் கேக் தேர்ந்தெடுத்து, அளந்த வேகத்தில் 90 சதவீதம் வையுங்கள். அப்புறம் பெரிய கோப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டே பிங் (பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் சோதனை) ஓட்டுங்கள், முடிந்தால் ஈதர்நெட் கேபிளில். சும்மா இருக்கும்போது வந்த எண்ணைவிட மிக எகிறினால், வரம்பை இன்னும் 5 சதவீதம் இறக்குங்கள்.