எட்டு மாதமா, இரண்டு வருடமா?

வெளிநாட்டு வேலை என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். அறுவடை மாதிரி ஒரு சீசனுக்கு மட்டும் பருவ வேலைக்குப் போய் வருவது ஒரு கணக்கு, நீண்ட ஒப்பந்தத்தில் போவது வேறு கணக்கு.

கனடா 1966-ல் ஜமைக்காவிலிருந்து பண்ணையாட்களை எடுக்கத் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் அதிகபட்சம் எட்டு மாதம்தான். நியூசிலாந்தின் 2007-ஆம் ஆண்டுத் திட்டத்தில் பசிபிக் தீவுக்காரர்களுக்குப் பெரும்பாலும் ஏழு மாதம். முடிந்ததும் ஊர் திரும்பியே ஆக வேண்டும். வளைகுடா ஒப்பந்தங்கள் பொதுவாக இரண்டு வருடம், அப்புறம் நீட்டிப்பு.

பணம் என்று பார்த்தால் நீண்ட ஒப்பந்தம் மேல். மாதாமாதம் வருவதால் கடன் தவணை, பள்ளிக் கட்டணம் எல்லாம் திட்டமிடலாம். ஆனால் ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனே முதல் சில மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். பருவ வேலையில் மழை பெய்தால் அன்றைய கூலி போச்சு.

வீட்டுக்குள் வந்தால் கதை மாறுகிறது. "அப்பா எங்கே?" என்று கேட்டால் குழந்தை செல்போனைக் காட்டும். இரண்டு வருடம் வங்கி, பள்ளி, வீட்டு ரிப்பேர் என்று எல்லாவற்றையும் தனியாக முடிவு செய்த மனைவியிடம், திரும்பி வந்தவர் முதல் வாரமே கணக்குக் கேட்பார். சண்டை அங்கேதான் ஆரம்பம்.

பருவ வேலை ஊருக்கு வேறு மாதிரி வலிக்கும். எல்லோரும் ஒரே சமயத்தில் கிளம்பிவிடுவதால், ஒரு சாவு விழுந்தால் தூக்கக்கூட ஆள் இருக்காது.

பிள்ளைகள் சிறியவர்கள் என்றால், வருமானம் குறைந்தாலும் நான் பருவ வேலையைத்தான் சொல்வேன்.