பாதிப் பதத்தில் நிற்கும் ரெசின்: வீட்டு ப்ரீப்ரெக்குக்கு ஓர் எபாக்சியின் மதிப்புரை

கார்பன் துணியை ரெசின் என்னும் இறுகும் பிசினில் முன்கூட்டியே ஊறவைத்து, ரெசின் முழுதாக இறுகுமுன் அதைக் குளிரில் நிறுத்திவைத்து, தேவைப்படும் நாளில் எடுத்து அச்சில் படியவைத்துச் சூட்டில் முடிப்பதுதான் ப்ரீப்ரெக் முறை. ஆலைகளில் இதற்குப் பெரும்பாலும் டைசயான்டைஅமைடு என்னும் தூள் ஹார்டனரை, அதாவது ரெசினை இறுகவைக்கும் பொருளை, பயன்படுத்துகிறார்கள். சாதாரண வெப்பத்தில் அது ரெசினில் கரையாமல் சும்மா கிடக்கும். சூடேறினால்தான் வேலையைத் தொடங்கும். அப்படிச் செய்த சுருள்களை மைனஸ் 18 பாகை செல்சியஸில் வைத்துக் காக்க வேண்டும்; அவை பெரும்பாலும் பெரிய அளவில்தான் கிடைக்கின்றன. நான்கைந்து சிறு உறுப்புகளை மட்டும் செய்ய நினைப்பவருக்கு அது பொருந்தாது. ஆகவே, எபாக்சி என்னும் திரவ ரெசினையும் மெதுவான ஹார்டனரையும் கொண்டு வீட்டிலேயே செய்து பார்த்தேன். நான் பயன்படுத்தியது சாதாரண பிஸ்ஃபினால் ஏ வகை எபாக்சியும், ஐசோஃபோரோன் டைஅமீனை முதன்மையாகக் கொண்ட ஹார்டனரும் சேர்ந்த ஒரு தொகுப்பு. அதைப் பற்றியே இந்த மதிப்புரை.

இந்த வேலைக்கான ரெசினை அதன் வலிமையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது தவறு என்பதே என் அனுபவம். நடுவழியில் நிற்கத் தெரிந்த ரெசின்தான் இங்கே வேண்டும். பாலியெஸ்டர், வினைல் எஸ்டர் என்னும் மற்ற ரெசின் வகைகள் இதனால்தான் முதலிலேயே விலக்கப்படுகின்றன. இறுகவைக்கும் பெராக்சைடு சேர்ந்ததும் அவை சிறிது நேரம் திரவமாகவே இருந்துவிட்டுச் சட்டென்று ஓடாத கூழாகிவிடும். நிறுத்தி வைக்கக்கூடிய இடைநிலை அவற்றுக்கு இல்லை, போதாததற்கு அவற்றில் கலந்துள்ள ஸ்டைரீன் என்னும் திரவமும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அன்ஹைட்ரைடு ஹார்டனர்கள் அறை வெப்பத்தில் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் என்றாலும், ஈரத்தைக் கண்டால் கெட்டுப்போகும், அதிகச் சூட்டையும் கேட்கும். பாலிஈதர்அமீன் ஹார்டனரையும் ஒருமுறை முயன்றேன். நிதானமானது, முடிவில் உடையாத உறுதியும் தரும். ஆனால் நெடுநேரம் தண்ணீராகவே இருந்து துணியின் ஓரங்களில் வழிந்தது. அது பிசுபிசுப்புக்கு வந்தபோது, கூழாகும் கட்டத்தை ஏறக்குறைய எட்டியிருந்தது.

ஐசோஃபோரோன் டைஅமீன் இங்கேதான் வேறுபடுகிறது. அதன் மூலக்கூறில் உள்ள இரண்டு அமீன் முனைகளும் ஒரே வேகத்தில் வினைபுரிவதில்லை. வளைய அமைப்பு விறைப்பானதும்கூட. அதனால் அறை வெப்பத்தில் வினை பாதியளவு போனதுமே மூலக்கூறுகள் அசைய இடமின்றி உறைந்துவிடுகின்றன. சூடேற்றினால் மீண்டும் இளகி ஓடி, பிறகுதான் முழுமையாக இறுகும். சாதாரணப் பூச்சு வேலை செய்பவருக்கு இது குறையாகத் தெரியும், ஏனென்றால் சூடு காட்டாமல் விட்ட பொருள் கண்ணாடிபோல நொறுங்கும். ப்ரீப்ரெக் செய்பவருக்கு இதைவிட நல்ல குணம் வேறில்லை.

கலவை விகிதம் எடையில் 100 பங்கு ரெசினுக்கு ஏறத்தாழ 23 பங்கு ஹார்டனர். இதில் கண் அளவுக்கு இடமே இல்லை, 0.1 கிராம் காட்டும் தராசு கட்டாயம் வேண்டும். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணியில் அரை சதுர மீட்டர் எடுத்தால், துணியின் எடை 100 கிராம். மொத்த எடையில் ரெசின் 40 விழுக்காடு இருக்க வேண்டுமென்றால் 67 கிராம் கலவை தேவை, அதாவது 54.5 கிராம் ரெசினும் 12.5 கிராம் ஹார்டனரும். கன அளவில் பார்த்தால் இழையும் ரெசினும் ஏறத்தாழப் பாதிப் பாதியாக அமைகின்றன. கையால் ரெசின் பூசிய அடுக்குகளில் இந்த அளவை எட்ட நான் பட்ட பாட்டை நினைத்தால், தராசு ஒன்றே இந்த முறையின் பாதி வெற்றி என்று சொல்வேன்.

கலந்ததைக் கிண்ணத்தில் வைத்திருக்கக் கூடாது. குவிந்து கிடக்கும் ரெசின் தன் சூட்டிலேயே வெந்துவிடும். 10 பாகை ஏறினாலே வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். நான் உடனே பாலித்தீன் தாளின்மேல் பரப்பி, துணியை விரித்து, மேலே இன்னொரு தாளைப் போட்டு, பட்டையான தேய்ப்பான் கொண்டு நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தள்ளினேன். காற்றுக் குமிழிகள் தாளின் வழியே தெளிவாகத் தெரிந்ததால், அவற்றை விரட்டுவது எளிதாயிற்று. ரெசின் நீர்த்துப்போகட்டும் என்று அசிட்டோன் சேர்ப்பவர்கள் உண்டு. அது உள்ளே சிக்கிக்கொண்டு சூட்டின்போது துளைகளாக வெளிப்படும்; இந்த ரெசினுக்கு அது தேவைப்படவும் இல்லை.

மிக நுட்பமான கட்டம் காத்திருப்புதான். பக்கத்தில் ஒரு சிறு துண்டை வைத்துக்கொண்டு, கையுறை விரலால் மணிக்கொரு முறை தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டி இழுத்து, ஆனால் ரெசின் விரலோடு வராத பதத்தில், காற்றுப் புகாத பையிலிட்டு உறைபெட்டியில் வைத்தேன். இன்னும் விட்டிருந்தால் ஒட்டும் தன்மை போய், வளைத்தால் வெடிக்கும் தகடாகியிருக்கும். எடுக்கும்போது பை அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்கக் கூடாது. குளிர்ந்த பரப்பில் படியும் நீரும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் சேர்ந்து அமீனோடு வினைபுரிந்து வெண்படலம் உண்டாகும், அடுத்த அடுக்கு அதன்மேல் சரியாக ஒட்டாது.

பாலித்தீனை உரித்து அச்சில் அடுக்கி, காற்றை உறிஞ்சியெடுத்து அழுத்தும் வெற்றிடப் பையில் வைத்தேன். ரெசின் ஏற்கெனவே அளந்து ஊட்டப்பட்டிருப்பதால், அதை உறிஞ்சியெடுக்கும் துணி வேண்டியதில்லை. முதல் முயற்சியில் அவசரப்பட்டு நேராக 90 பாகைக்கு ஏற்றினேன். ரெசின் ஒரேயடியாக இளகிக் கீழே ஓடி, மேல் மூலைகள் வறண்டுபோயின. அடுத்த முறை 60 பாகையில் சில மணி நேரம் நிறுத்தி, கூழானதை உறுதிசெய்துகொண்டு 100 பாகைக்குப் போனேன். பரப்பில் ஊசித்துளை ஒன்றுகூட இல்லை. தட்டினால் மணிபோல ஒலித்தது. முழுமையாக இறுகினால் இந்த ஹார்டனர் 150 பாகையையொட்டிய வெப்பம்வரை விறைப்பை இழக்காது. ஆனால் சூடேற்றும் பெட்டியின் சூடு 100 பாகையோடு நின்றால், உறுப்பின் தாங்குதிறனும் அதைவிட வெகுதூரம் போகாது; சூடான எந்திரத்தின் அருகில் பொருத்த நினைப்பவர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

குறைகளும் உண்டு. ஹார்டனர் தோலை அரிக்கும். ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு சிறு அளவும் ஆகாது. நைட்ரைல் கையுறையும் நல்ல காற்றோட்டமும் இன்றி இதைத் திறக்கவே கூடாது. உணவு வைக்கும் குளிர்பெட்டியிலோ சமையல் அடுப்பிலோ இதைக் கொண்டுபோகக் கூடாது. குளிரில் இருந்த ரெசின் டப்பாவின் அடியில் வெண்மணிகள் படிந்திருந்தன. 50 பாகை வெந்நீரில் வைத்ததும் கரைந்தன. தொகுப்போடு வந்த தகவல் தாளில் பாதிப் பதத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. இந்த ரெசினின் சிறந்த குணமே அதுதான், வாங்குபவர் அதைத் தானாகத் தடவிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

உறைபெட்டியில் இருந்தாலும் வினை முற்றாக நிற்பதில்லை. மூன்று வாரம் வைத்த துண்டு வளைவான அச்சில் நன்றாகவே படிந்தது. ஆறு வாரம் வைத்ததற்கு ஒட்டும் தன்மை போய்விட்டிருந்ததால், லேசாகச் சூடுகாட்டித் தட்டையான பலகைக்குப் பயன்படுத்திக்கொண்டேன். இப்போது ஒவ்வொரு பையின்மேலும் கலந்த தேதியையும் நேரத்தையும் எழுதியே உள்ளே வைக்கிறேன்.