35 எம்எம் நெகட்டிவில் எவ்வளவு பெரிய பிரிண்ட்? பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8200ஐ

பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8200ஐ என்ற ஃபிலிம் ஸ்கேனரின் பெட்டியில் 7200 டிபிஐ, அதாவது இன்ச்சுக்கு 7200 புள்ளி, என்று போட்டிருக்கிறது. அதை அப்படியே நம்பினால் 36 மில்லிமீட்டர் பிரேமின் நீளவாக்கில் சுமார் 10,200 பிக்சல் கிடைக்க வேண்டும். கிடைக்கவும் செய்கிறது. ஆனால் ஸ்கேனரைச் சோதிக்கும் 1951 யுஎஸ்ஏஎஃப் கோட்டு அட்டையை வைத்துப் பார்த்தால் உண்மையான பிரிப்புத்திறன் சுமார் 3250 டிபிஐதான். மீதிப் பிக்சல்கள் வெறும் பஞ்சு. கோப்பைப் பருமனாக்குமே தவிர, விவரம் எதையும் கொண்டுவராது.

இதனால் இதை ஏமாற்று என்று தள்ளிவிட வேண்டியதில்லை. 3250 என்பது ஃபிலிமில் ஒரு மில்லிமீட்டருக்கு 64 கோட்டு ஜோடி (ஒரு கோடும் அதை அடுத்த இடைவெளியும் சேர்ந்தது ஒரு ஜோடி). கையில் பிடித்து 1/60 வினாடியில் எடுத்த படத்தில் 50 ஜோடி தேறினாலே பெரிய விஷயம். டி-மேக்ஸ் 100 போன்ற ஃபிலிம் 200 வரை பிரிக்கும் என்ற கணக்கெல்லாம் 1000:1 கான்ட்ராஸ்ட் உள்ள சோதனைக் கோடுகளுக்கு, 1.6:1 என்ற மங்கலான கான்ட்ராஸ்டில் அதே ஃபிலிம் 63க்கு இறங்கிவிடுகிறது. ஆக, முக்காலியில் நிறுத்தி, நல்ல லென்ஸை எஃப்/8இல் வைத்து எடுத்த படத்துக்குத்தான் இந்த ஸ்கேனர் கொஞ்சம் குறை வைக்கிறது. மற்றவற்றுக்கு இதுவே தாராளம். ஒப்பிட வேண்டுமானால், 6400 என்று போட்டு வரும் எப்சன் வி600 பிளாட்பெட் (தாளும் வைக்கும் தட்டை) ஸ்கேனரில் உண்மையில் கிடைப்பது சுமார் 1500தான்.

அளவுக் கணக்கு இது. உண்மையான விவரம் நீளவாக்கில் 4600 பிக்சல். 12-க்கு 18 இன்ச் பிரிண்டில் அது இன்ச்சுக்கு 255 ஆகும். கையில் எடுத்துப் பார்த்தாலும் குறை தெரியாது. 16-க்கு 24இல் 192. சுவரில் மாட்டி இரண்டடி தள்ளி நின்று பார்க்கக் கண்ணுக்கு 145 அளவே போதும் என்பதால் இது நிம்மதியான அளவு. 20-க்கு 30இல் 153. இங்கே நெகட்டிவ் 21 மடங்கு பெருகியிருக்கிறது. பிக்சலை விட கிரெயினும் (ஃபிலிமின் மணித்துகள்) கை நடுக்கமும்தான் முதலில் கண்ணில் படும். ஒரு பிரேம் இடத்தில் இரண்டு படம் எடுக்கும் ஹாஃப் பிரேம் கேமராவில் எடுத்ததென்றால் நீளப் பக்கமே 24 மில்லிமீட்டர்தான். 10-க்கு 15 இன்ச்சோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஸ்கேனை 7200இல் எடுத்துப் பிறகு பாதியாகக் குறைப்பதே சரியான வழி. நேரடியாக 3600இல் எடுத்தால் கிரெயின் திப்பித் திப்பியாக, இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். முழுதாக எடுத்துப் பாதியாக்கும்போது நான்கு பிக்சல் சேர்ந்து ஒன்றாவதால் இரைச்சலும் அடங்குகிறது. 48 பிட் டிஃப் கோப்பு 400 எம்பியைத் தாண்டும். பாதியாக்கியபின் 104 எம்பி. ஒரு படத்துக்குச் சில நிமிடம் பிடிக்கும். ஹோல்டரையும் ஒவ்வொரு பிரேமுக்கும் கையால்தான் நகர்த்த வேண்டும், ‘டக்’ என்று நிற்கும் இடம் வரை. 36 படமும் வேண்டும் என்று உட்கார்ந்தால் நாள் போய்விடும். முதலில் குறைந்த டிபிஐயில் எல்லாவற்றையும் பார்த்து, பிரிண்ட் போடத் தகுந்த இரண்டு மூன்றை மட்டும் முழு அளவில் எடுங்கள்.

இந்தக் கருவியின் பலவீனம் ஃபோகஸ். ஆட்டோஃபோகஸ் கிடையாது, கையால் திருத்தவும் வழியில்லை. லென்ஸ் ஒரே தூரத்தில் நிலையாக நிற்கிறது. ஃபிலிம் தட்டையாக இருந்தால் மூலைவரை ஷார்ப். குறுக்காக வளைந்திருந்தால் நடு ஒரு மாதிரி, ஓரம் ஒரு மாதிரி. சிறிய பிரிண்டில் இது தெரியாது. 17 மடங்கு பெருக்கும் 16-க்கு 24இல் அப்பட்டமாகத் தெரியும். பரிசோதிப்பது எளிது: ஸ்கேனை 100 சதவீதத்தில் வைத்து முகத்தையோ மரத்தையோ பார்க்காமல் கிரெயினைப் பாருங்கள். நடுவில் மணி மணியாகவும் மூலையில் மாவு போலவும் இருந்தால் கோளாறு ஃபிலிம் வளைவில். நடு, மூலை எங்கும் கிரெயின் தெளிவாக இருந்து படம் மட்டும் மங்கலாக இருந்தால் தவறு எடுத்த அன்றே நடந்தது. எந்த ஸ்கேனரும் அதைத் திருத்தாது.

வளைவுக்கு வைத்தியம் பொறுமைதான். நெகட்டிவை உறையில் போட்டு, கனமான புத்தகங்களுக்கு அடியில் சில நாள் வையுங்கள். ஆறு பிரேம் கொண்ட முழுப் பட்டை ஹோல்டரில் ஒழுங்காகப் படியும். ஒன்றிரண்டு பிரேமாக நறுக்கிய துண்டு தொய்ந்துபோகும். ஆகவே நெகட்டிவை நறுக்கும்போதே ஆறாக நறுக்கிவிடுங்கள். பழைய கேமராக்களில் பிரேம் இடைவெளி சீராக இருக்காது. ஹோல்டரின் குறுக்குச் சட்டம் படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் தின்னும். அதற்கு இரண்டு முறை நகர்த்தி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பெயரில் உள்ள ‘ஐ’ அகச்சிவப்பைக் குறிக்கிறது. அந்த ஒளியில் இன்னொரு ஓட்டம் ஓடி, தூசியும் கீறலும் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து நிரப்புகிறது. நேரம் கூடும், ஆனால் கலர் நெகட்டிவில் வேலையைக் கச்சிதமாகச் செய்கிறது. கறுப்பு வெள்ளையில் இதைத் தொடவே கூடாது. அங்கே படமே வெள்ளித் துகள். வெள்ளி அகச்சிவப்பை மறைப்பதால், மென்பொருள் படத்தையே தூசி என்று நினைத்து மெழுகிவிடும். படம் வெள்ளிக்குப் பதில் சாயத்தால் ஆன எக்ஸ்பி2 சூப்பர் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம் மட்டும் விதிவிலக்கு. கோடாகுரோம் ஸ்லைடுகளிலும் முடிவை நம்பிவிட முடியாது. எதுவானாலும் ஊதுபந்தால் ஊதிவிட்டே ஹோல்டரில் வையுங்கள். ஃபிலிமில் கால் மில்லிமீட்டர் இருக்கும் தூசி, 16-க்கு 24 பிரிண்டில் நான்கு மில்லிமீட்டர் புள்ளி.

கூட வரும் சில்வர்ஃபாஸ்ட் மென்பொருளில் முதலில் செய்ய வேண்டியது பலவற்றை அணைப்பது. ஷார்ப்பனிங் வேண்டாம், கிரெயின் குறைப்பு வேண்டாம். வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமின் இரு முனையிலும் கொஞ்சம் இடம் விடுங்கள்; வெட்டுப்பட்ட வானம் திரும்பி வராது. ஒரே பிரேமை வெவ்வேறு வெளிச்ச அளவில் இரண்டு முறை ஸ்கேன் செய்யும் மல்டி எக்ஸ்போஷர், அடர்ந்த ஸ்லைடுகளின் நிழல் பகுதிக்கு உதவும். நெகட்டிவுக்குத் தேவையில்லை. அங்கே அடர்த்தியான பகுதி வானம், வெள்ளைச் சட்டை போன்றவை. அதுவும் ஸ்லைடின் கறுப்பு அளவுக்கு அடர்ந்திருப்பது அரிது. இரண்டு ஓட்டத்துக்கு நடுவே ஃபிலிம் ஒரு பிக்சல் நகர்ந்தாலும் கூர்மை போய்விடும் என்பதால் சும்மா போட்டு வைக்காதீர்கள்.

பிரிண்டுக்கு அனுப்பும்முன், பாதியாக்கிய 5100 பிக்சல் கோப்பை அச்சு அளவுக்கு 300 பிபிஐயில் (இன்ச்சுக்கு 300 பிக்சல்) சாதாரண பைகியூபிக் முறையிலேயே பெருக்குங்கள். எப்சன் பிரிண்டர் என்றால் 360. செயற்கை நுண்ணறிவுப் பெருக்கிகள் கிரெயினைப் புழு புழுவாக மாற்றி, தோலைப் பிளாஸ்டிக் ஆக்கும். ஷார்ப்பனிங் பெருக்கியபின் கடைசியில், ரேடியஸ் 1 முதல் 1.5 பிக்சல், வானத்தையும் வெறும் சுவரையும் மாஸ்க் போட்டு விட்டுவிடுங்கள், இல்லையென்றால் கிரெயின்தான் ஷார்ப் ஆகும். கிரெயினை முழுக்கத் துடைக்கவும் வேண்டாம். விவரம் தீர்ந்துபோன இடத்தில் கண்ணுக்குப் பிடிமானம் தருவது அதுதான். முழு பிரிண்டுக்குக் காசு போடும்முன், இறுதி அளவிலிருந்து 8-க்கு 10 துண்டு ஒன்றை வெட்டி அதே தாளில் அச்சிட்டு, சுவரில் ஒட்டி, பார்க்கப்போகும் தூரத்தில் நின்று பாருங்கள். மேட் தாள் குறைகளை மன்னிக்கும். கிளாஸி மன்னிக்காது.

24 மெகாபிக்சல் கேமராவும் 1:1 மேக்ரோ லென்ஸும் ஏற்கனவே கையில் இருந்தால் இதை வாங்கும்முன் யோசியுங்கள். ஃபோகஸ் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும், ஒரு ரோல் கால் மணி நேரத்தில் முடியும். அகச்சிவப்புத் துப்புரவு மட்டும் கிடைக்காது. கீறல் விழுந்த பழைய கலர் நெகட்டிவ் குவியலாக வைத்திருப்பவருக்கு அந்த ஒன்றே போதிய காரணம். 35 எம்எம்மைவிட அகலமான 120 ஃபிலிம் இந்த ஸ்கேனரில் நுழையாது.

8200ஐயில் எஸ்இ, ஏஐ என்று இரண்டு வகை உண்டு; கருவி ஒன்றுதான், மென்பொருளும் ஏஐயோடு வரும், ஸ்கேனரின் நிறத்தைச் சரிசெய்ய உதவும் ஐடி8 வண்ண அட்டையும்தான் வித்தியாசம். ஸ்லைடு நிறையச் செய்பவருக்கு அந்த அட்டை பயன்படும், நெகட்டிவுக்கு எஸ்இ போதும். கறுப்பு வெள்ளை மட்டும் எடுப்பவர் அகச்சிவப்பு இல்லாத 8100ஐ வாங்கிக்கொள்ளலாம்.