ஸ்டீம் ரீஃபண்ட்: சேலத்தில் கேம் செய்து விற்பவரின் ரிவ்யூ

கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் கேம் வாங்குகிறவர்கள் அதன் ரீஃபண்ட், அதாவது பணத்தைத் திருப்பித் தரும் வசதியைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள், பெரும்பாலும் நல்லபடியாகத்தான். விற்கிற பக்கம் உட்கார்ந்து பார்த்தால் அது எப்படி இருக்கிறது என்று தமிழில் யாரும் எழுதி நான் படித்ததில்லை, அதனால் எழுதுகிறேன். நானும் என் அத்தை மகனும் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடி ரூமில் கேம் செய்கிறோம். கோடிங் நான், மாடல், சத்தம், மெனு எல்லாம் அவன். மூன்றாவது ஆள் கிடையாது. மெயிலுக்குப் பதில் போடுவதும் பக், அதாவது கேமில் உள்ள பிழை தேடுவதும் ஒரே கைதான்.

ரீஃபண்ட் விதிக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அதைக் கையில் எடுத்துக்கொண்டு சிலர் பேசுகிற பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. இந்த ரிவ்யூவில் பாதி அதைப் பற்றித்தான் இருக்கும், முன்பே சொல்லிவிடுகிறேன்.

விதி ரொம்ப எளிது. வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்கும் குறைவு என்றால், என்ன காரணம் சொன்னாலும் பணம் திரும்பும். பிடிக்கவில்லை என்றாலும் சரி, லேப்டாப்பில் ஓடவில்லை என்றாலும் சரி. 2015 ஜூனில் இப்படிக் கொண்டுவந்தார்கள். கோரிக்கையை ஏற்றுக்கொண்டால் ஒரு வாரத்துக்குள் பணம் வரும். கட்டிய வழியிலேயே திருப்ப முடியாவிட்டால் ஸ்டீமிலேயே செலவழிக்கிற ஸ்டீம் வாலட்டில் ஏறும். தள்ளுபடிக்குச் சற்று முன்னால் வாங்கிய ஒருவர் ரீஃபண்ட் போட்டுவிட்டுக் குறைந்த விலையில் அதே கேமைத் திரும்ப வாங்கினால்கூட அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். கூகுள் பிளேயில் 48 மணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் டெவலப்பரிடம்தான் போய் நிற்க வேண்டும். அதோடு ஒப்பிட்டால் இது தாராளம்.

விற்கிறவருக்கும் இதில் லாபம் உண்டு என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். எங்கள் பெயரைக் கேள்விப்பட்டே இராத ஒருவர், சேலம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர், பிடிக்கவில்லை என்றால் பணம் வந்துவிடும் என்ற தைரியத்தில்தான் எங்கள் கேமை வாங்குகிறார். அந்தத் தைரியம் இல்லாவிட்டால் பெரிய கம்பெனி கேம்தான் விற்கும். அப்புறம், ரீஃபண்ட் கேட்கும்போது ஒருவர் என்ன காரணம் எழுதுகிறாரோ அது டெவலப்பர் பக்கத்தில் எங்களுக்குத் தெரியும். யார் என்று தெரியாது, எழுதியது தெரியும். பனிமூட்டம் வந்ததும் கேம் நின்றுவிடுகிறது, என் லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை என்று ஒருவர் இரண்டே வரி எழுதிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். அந்த இரண்டு வரி எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? பழைய கிராபிக்ஸ் சிப்பில் பனிமூட்டம் வரைகிற இடத்தில் இருந்த சிக்கல் அதை வைத்துத்தான் பிடிபட்டது. அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, நன்றிதான் இருக்கிறது.

வருத்தம் வேறு மாதிரி ஆட்களிடம். அதற்கு எங்கள் கேம் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஏற்காடு மலைப்பாதையில் சரக்கு வேன் ஓட்டுகிற கேம் அது. மேலே எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை, மிளகு, ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி சேலத்தில் சேர்க்க வேண்டும். ஏற்காடு 1,515 மீட்டர் உயரம், சேலம் முந்நூறு மீட்டருக்கும் கீழே. அவ்வளவு உயரத்தையும் சுமையோடு இறங்குவதுதான் ஆட்டமே. மலையில் ஓட்டுகிறவர்கள் சொல்வார்கள், எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று. டாப் கியரில் விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும், நாலைந்து வளைவு தாண்டுவதற்குள் மிதித்தாலும் வண்டி நிற்காது. இரண்டாவது கியரில் போட்டு இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி இறங்கினால் பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும். இதை அப்படியே கேமில் வைத்திருக்கிறோம், அத்தை மகன் மாதக்கணக்கில் உட்கார்ந்து அந்தச் சூட்டுக் கணக்கைச் சரி செய்தான். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பதும் இருக்கிறது. முதல் அரை மணி நேரம் கஷ்டமாக இருக்கும், பிறகு கை பழகிவிடும், பழகிய பின் வருகிற சந்தோஷத்துக்காகத்தான் இதைச் செய்ததே.

சரி, என்ன நடக்கிறது என்றால், ஒருவர் வாங்குகிறார், டிரைவிங் டெஸ்ட் பகுதியை ஸ்கிப் செய்கிறார், நேராக டாப் கியரில் இறங்குகிறார், ஆறாவது வளைவில் தடுப்புச் சுவரில் மோதுகிறார். உடனே மெசேஜ்: "ப்ரோ, பிரேக் வேலையே செய்யல, பக் இருக்கு, காசைத் திருப்பிப் போடுங்க ப்ரோ." ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு. பத்து நிமிடம் கழித்து ஒரு கேள்விக்குறி. இன்னும் கொஞ்ச நேரத்தில், "ஸ்கேம் பண்றீங்களா?" காலையில் நான் எழுந்து பார்க்கும்போது நெகட்டிவ் ரிவ்யூவும் விழுந்திருக்கும், டெவலப்பர் பதிலே சொல்வதில்லை என்று. தூங்கிக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி ஊரறிய இப்படி எழுத எப்படி மனசு வருகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

முக்கியமான விஷயம் ஒன்றைப் பலரும் தெரிந்துகொள்ளாமல் இருக்கிறார்கள். ஸ்டீமில் வாங்கிய கேமுக்கு ரீஃபண்ட் கொடுப்பது நாங்கள் இல்லை. எங்களிடம் அதற்கு ஒரு பட்டனும் கிடையாது. கொடுக்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. ஸ்டீம் சப்போர்ட் பக்கத்தில் போய் நீங்கள்தான் கேட்க வேண்டும், முடிவு ஸ்டீமை நடத்துகிற வால்வ் கம்பெனியுடையது, எங்களுக்கு மாதக் கணக்கு வரும்போது அந்தத் தொகை கழிக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். அதனால் என்னிடம் காசு கேட்டு மிரட்டுவதில் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. ஜிபே நம்பர் கேட்டு, நேரடியாக அனுப்பு, இல்லாவிட்டால் நண்பர்களை எல்லாம் கூட்டி வந்து நெகட்டிவ் போடுவேன் என்று எழுதியவரும் உண்டு. பத்து ரிவ்யூ வந்த பிறகுதான் ஒரு கேமுக்கு ஸ்டீமில் மொத்த மதிப்பீடே காட்டும். சின்ன கேமுக்கு அந்த முதல் சில ரிவ்யூக்கள் எவ்வளவு முக்கியம் என்று தெரிந்துகொண்டே இப்படி மிரட்டுகிறார்கள். ரீஃபண்ட் வாங்கியவர் எழுதிய ரிவ்யூவும் அப்படியே இருக்கும், பணம் திரும்பப் பெறப்பட்டது என்ற குறிப்போடு. அது நியாயம்தான், ஓடாத கேமை ஓடவில்லை என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. நான் கேட்பது அந்த உரிமையை மிரட்டலாக மாற்றாதீர்கள் என்பதுதான்.

இன்னொன்று எர்லி ஆக்சஸ். 2013 மார்ச்சில் ஸ்டீம் ஆரம்பித்த முறை, முழுதாக முடியாத கேமை விற்று, ஆடுகிறவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே முடிப்பது. வாங்கும் பட்டனுக்கு மேலேயே ஒரு நீலப் பெட்டி இருக்கும். ஏன் எர்லி ஆக்சஸ், இப்போது கேமில் என்ன இருக்கிறது, இன்னும் என்ன வரவேண்டும் என்று ஸ்டீம் கேட்கிற கேள்விகளுக்கு டெவலப்பர் எழுதிய பதில் அதில் இருக்கும். எங்கள் பெட்டியில் ஏற்காட்டுக்கான இன்னொரு ரோடான குப்பனூர் வழிப் பாதை இன்னும் வரவில்லை, மழைக்காலம் இன்னும் வரவில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறோம். வாங்கிவிட்டு, குப்பனூர் ரோடு எங்கே, இந்த வாரம் வரவில்லை என்றால் ரீஃபண்ட் என்கிறார்கள். இந்த வாரம் எப்படி வரும்? ரோட்டின் ஒவ்வொரு திருப்பத்தையும் போய்ப் பார்த்து, படம் எடுத்து, சரிவு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, மரம் நட்டு, வண்டி ஓட்டிப் பார்த்து, கீழே விழுந்து, திரும்பச் செய்ய வேண்டும். நடுவில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை முதல் மாலை வரை கரண்ட் இருக்காது. அவசரமாகப் போட்டால் ஆடுகிறவர்கள் சேமித்து வைத்த பழைய சேவ் ஃபைல் உடையும், அதற்கும் திட்டு எங்களுக்குத்தான் விழும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்கியவர்கள் திருகாணி லூசாக இருந்தால் பட்டறைக்கு எடுத்துவந்து, அண்ணா இதைக் கொஞ்சம் முறுக்கிக் கொடுங்க என்றுதான் கேட்பார்கள். செய்தவருக்கு அதைச் சரி செய்ய ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. கேம் செய்கிறவருக்கும் அதே வாய்ப்பைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். இரண்டு நாள் போதும். 14 நாளில் இரண்டு நாள் எனக்குக் கொடுத்தால் உங்களுக்கு எந்த நஷ்டமும் வராது, விதி உங்கள் பக்கம்தான் இருக்கும், ஆடிய நேரம் 2 மணியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒன்று கவனியுங்கள், கேமைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் அந்த நேரமும் சேர்ந்துவிடும். மூடிவிட்டு மெயில் போடுங்கள்.

ஒரு நட்சத்திரத்தை ஏன் குறைத்தேன் என்றும் சொல்ல வேண்டும். எவ்வளவு பெரிய கேம், எவ்வளவு சின்னது என்று இந்த விதி பார்ப்பதில்லை. நூறு மணி நேரம் ஆடுகிற கேமுக்கும் 2 மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற கதைக்கும் 2 மணி. முழுதாக ஆடி முடித்துவிட்டு, ரசித்துவிட்டு, பணத்தைத் திரும்ப வாங்கலாம். ரீஃபண்ட் என்பது இலவசமாக ஆடுவதற்கான வழி இல்லை என்று அவர்களுடைய விதியிலேயே இருக்கிறது, தொடர்ந்து அப்படிச் செய்கிறவர்களுக்கு வசதியை நிறுத்தலாம் என்றும் இருக்கிறது, ஆனால் பாதிக்கப்பட்ட சின்ன டெவலப்பருக்கு அதனால் பணம் வருவதில்லை. 2021 ஆகஸ்டில் தனியாகத் திகில் கேம் செய்த ஒரு டெவலப்பர், கேம் 2 மணிக்குள் முடிவதால் பாராட்டி ரிவ்யூ எழுதியவர்களே ரீஃபண்ட் வாங்கிக்கொள்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, காலவரையின்றி இந்த வேலையை விட்டு விலகுவதாக அறிவித்தார். அதைப் படித்ததிலிருந்து எங்களிடம் இருந்த ஒரு சின்னக் கதை கேமை, ஏரிக்கரையில் ஒரு மாலைநேரம் மட்டும் நடக்கிற கதை, அதை எடுக்க எங்களுக்குத் துணிச்சல் வரவில்லை. சின்னதாக, அழகாக ஒன்று செய்ய ஆசைப்படுகிறவர்களை இந்த விதி நீட்டி முழக்க வைக்கிறது. கேமின் நீளத்தையும் கணக்கில் எடுத்தால் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன்.

விற்பனைச் செலவையும் சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கேமை ஸ்டீமில் போட 100 டாலர் கட்ட வேண்டும், 1,000 டாலர் விற்பனை தாண்டினால் அது திரும்பக் கிடைக்கும். விற்பதில் 30 சதவீதம் ஸ்டீமுக்கு. இட்ச் என்ற இன்னொரு கேம் விற்பனைத் தளத்தில் எவ்வளவு பங்கு கொடுப்பது என்று விற்கிறவரே முடிவு செய்யலாம், பூஜ்யம்கூட வைக்கலாம், ஆனால் வாங்குகிற கூட்டம் ஸ்டீமில்தான் இருக்கிறது.

ஸ்டீம் ஒன்று செய்தால் நன்றாக இருக்கும்: ரீஃபண்ட் பக்கத்தில், பணம் கேட்கும் பட்டனுக்குப் பக்கத்திலேயே, முதலில் டெவலப்பரிடம் கேளுங்கள் என்று இன்னொரு பட்டன். கட்டாயம் வேண்டாம், விருப்பப்பட்டால் போதும். அதை அழுத்தினால் அவருடைய லேப்டாப் விவரமும் கேம் கிராஷ் ஆனபோது பதிவான லாக் ஃபைலும் எங்களுக்கு வந்து சேர வேண்டும், 14 நாள் கணக்கு அதுவரை நிற்க வேண்டும். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் எங்களுக்கு வருவதில் பாதி, கிராபிக்ஸ் டிரைவர் மென்பொருளை அப்டேட் செய்தாலே சரியாகிற விஷயம்.

இப்போது எங்கள் கேமை வாங்கி வைத்திருப்பவர்களுக்கு: பனிமூட்டத்தில் நின்றுபோனால் செட்டிங்ஸில் பனிமூட்டத்தின் தரத்தைக் குறைவு என்று மாற்றிப் பாருங்கள், அடுத்து வரும் பேட்சில், அதாவது திருத்தப் பதிப்பில், முழுதாகச் சரி செய்திருக்கிறோம், சோதனை நடந்துகொண்டிருக்கிறது. பிரேக் பிடிக்கவில்லை என்றால் இரண்டாவது கியர். காட்டெருமை ரோட்டை மறித்து நின்றால் காத்திருக்க வேண்டும், அது பக் இல்லை, ஏற்காட்டில் நிஜமாகவே அப்படித்தான் நிற்கும். இவ்வளவும் பார்த்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் ஸ்டீம் சப்போர்ட்டில் ரீஃபண்ட் போடுங்கள், காரணம் கேட்கிற கட்டத்தில் இரண்டு வரி எழுதிவிட்டுப் போங்கள், அதை நாங்கள் கட்டாயம் படிப்போம்.